நூற்றுக்கு நூறு யீல்டு

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும். அதற்கென்று அவர்கள் தனியாக ஓர் ஆளைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா, கேட்டைவிட அகலமான ஒரு போர்டு, போர்டில் 'பிசினஸ் ஸ்கூல்' என்ற இரண்டு வார்த்தை. இவ்வளவு அடையாளம் போதும். ஒரு காலத்தில் துரைமார்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையில் டைரக்டர் ஆராவமுதன் சார் உட்கார்ந்திருந்தார். அந்தத் துரைமார்களின் சமையலறையில் அட்மிஷன் ஆபீஸ் நடந்தது. அதில் நான். பெயர் டோரீன், வயது முப்பத்தெட்டு, வீடு காக்ஸ் டவுன், ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர்.

ஒன்பது வருடம் ஒருவர் எப்படித் தற்காலிகமாக இருக்க முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் டைரக்டரைப் பார்த்ததில்லை. மார்ச்சில் 'ஜூன்ல கன்ஃபர்ம் பண்ணிடலாம்' என்பார். ஜூனில் 'இந்த பேட்ச் செட்டில் ஆகட்டும்' என்பார். பேட்ச் செட்டில் ஆவதற்குள் அடுத்த மார்ச் வந்துவிடும்.

2000ஆம் வருடம் ஜனவரியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நாட்டிலுள்ள பிசினஸ் ஸ்கூல்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. மொத்தம் அறுபது பெயர். சார் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார், பிறகு கீழிருந்து மேலே படித்தார். எந்த வழியில் போனாலும் நாங்கள் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு எண்களைக் கண்டுபிடித்தார். அந்த வருடம் முழுவதும் அந்த இரண்டு எண்களோடுதான் அவர் குடும்பம் நடத்தினார்.

முதலாவது எண், விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம் கொடுக்கிறோம் என்பது. இது குறையக் குறையப் பெருமை. அதாவது எத்தனை பேரை வேண்டாம் என்கிறோமோ அத்தனை கௌரவம். என் பெரியம்மாவும் இதே கொள்கையில்தான் மாப்பிள்ளை பார்த்தாள். கடைசிவரை அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டாவது எண்ணுக்குப் பெயர் யீல்டு. நாம் இடம் கொடுத்துக் கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கு. அதுவரை யீல்டு என்பது மாட்டுக்கும் மாமரத்துக்கும் உள்ள சமாசாரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் யீல்டு நாற்பது. நல்ல மாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் எண்ணைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. நிரப்பிக் கொடுத்தவர்களை எண்ணாமல், ஃபாரம் வாங்கியவர்களை எல்லாம் எண்ணச் சொன்னார் சார். "ஃபாரம் வாங்கினாலே ஆசைப்பட்டான்னுதானே அர்த்தம்?" என்றார். அந்த வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் எண்ணூற்று நாற்பத்து மூன்று பேர்.

அந்த எண்ணூற்று நாற்பத்து மூன்றில் ஒருத்திதான் சங்கமித்ரா.

ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை, பி.காம். முதல் வகுப்பு, வீடு மர்பி டவுன். அப்பா அசோகன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. ஃபாரத்தை ஜன்னல் திண்டின் மேலேயே வைத்து நிரப்பிக்கொண்டு, எழுதியதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொலைபேசி எண் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"மேடம், வீட்ல போன் இல்ல. பி.பி. நம்பர் போட்லாமா?"

இப்போது ஆளுக்கு இரண்டு போன் வைத்திருப்பவர்களுக்கு பி.பி. என்றால் இரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். அப்போது அது வேறு. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ தெருமுனைக் கடையின் எண்ணையோ எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். போன் வந்தால் அந்த வீட்டுக்காரர் நம்மைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எழுந்து போய் அவர்களைக் கூட்டி வர வேண்டும். சில புண்ணியவான்கள் கூட்டியும் வருவார்கள்.

"போடு, போடு. பாதிப் பேரு அதான் போடறாங்க" என்றேன்.

"ராஜமாணிக்கம் பந்தல் கடை நம்பரு மேடம். சேரு, பாத்திரம்லாம் வாடகைக்கு விடுவாரு. மே மாசத்துல முகூர்த்தம், பகல்ல அவரு கடையில இருக்கவே மாட்டாரு. நீங்க ஏழு மணிக்கு மேல போட்டீங்கன்னா நானே அங்க நிப்பேன். தினம் நிப்பேன்."

எங்கள் ஆபீசை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். "கண்டிப்பா கூப்பிடுவோம்" என்றுதான் சொன்னேன். கவுன்டரில் இருப்பவர்களுக்கு அது இருமல் மாதிரி தானாக வரும்.

"இந்த வருஷம் விட்டா கஷ்டம் மேடம். ஆகஸ்டுக்குள்ள அப்பா ஃபேக்டரிய மூடிருவாங்கன்னு பேசிக்கறாங்க. மூடிட்டா நான் படிக்க முடியாது, முழுசா சம்பாதிச்சாகணும். பேங்க் மேனேஜர் மே முப்பத்தொண்ணுக்குள்ள சீட் லெட்டர் கொண்டா, லோன் போட்டுத் தரேன்னுட்டாரு. லெட்டர் மட்டும் வந்துட்டா போதும்."

தேர்வு எழுதினாள், நேர்முகத்துக்கு வந்தாள். தரவரிசையில் முப்பத்தொன்றாவதாக வந்தாள். எங்களிடம் இருந்தது நூற்றிருபது இடம். வேறு எந்த ஊராக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும்.

இப்போது என் ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் மேலே போக முடியாது.

தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் தபாலில் கார்டு போடுவோம். சீட்டுக்கு மட்டும் முதலில் போன். 'உங்களுக்கு சீட் கொடுத்தால் வருவீர்களா' என்று கேட்டு, ஆமாம் என்றால்தான் கடிதம் போகும். அதற்கு ஒரு நீளமான ரெஜிஸ்டர். பெயர், எண், அப்புறம் இரண்டு கட்டம்: 'வருவார்', 'வரமாட்டார்'. ஆபீஸ் போனுக்கு ஒரு பூட்டு, சாவி அக்கவுன்டன்டிடம். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். வீட்டில் போன் உள்ளவர்களுக்கு மூன்று நிமிடம் தாராளம். பி.பி. எண்ணுக்கு மூன்று நிமிடத்தில், நான் யார் என்று மாவு மெஷின்காரருக்குப் புரியவைக்கக்கூட முடியாது. அவர் ஆளைத் தேடிப் போய், அந்தப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வர எப்படியும் பத்து நிமிடம். நான் போனை வைத்துவிடுவேன். வைத்துவிட்டு ரெஜிஸ்டரில் எதையாவது டிக் செய்ய வேண்டுமே? இருப்பது இரண்டே கட்டம். 'வருவார்' என்று போட்டால் பொய். 'வரமாட்டார்' என்று போட்டேன். அதுவும் பொய்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான்கு வருடம் இப்படியே போட்டேன்.

மே மாதம் இரண்டாம் தேதி டாக்டர் வெங்கடராமன் வந்தார். புள்ளியியல் பேராசிரியர், எங்கேயோ ஓய்வு பெற்றவர், சாருக்கு தூரத்து உறவு. கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. யீல்டை எண்பதுக்கு ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். என் நான்கு வருட ரெஜிஸ்டர்களையும் மடியில் வைத்துக்கொண்டு, பேரக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"டோரீன், இது தங்கச் சுரங்கம்! இவ்ளோ நீட்டா யாருமே டேட்டா வச்சுக்க மாட்டா."

அந்த இரண்டு கட்டத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். அவருக்குக் காபி சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்து டைரக்டர் அறையில் கூட்டம். நாங்கள் மூன்று பேர்தான். வெங்கடராமன் சார் ஒரு தாளை மேசை மேல் விரித்தார். யார் வருவார், யார் வரமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரமாம். வீட்டில் போன் இருந்தால் இத்தனை, கான்வென்டில் படித்தால் இத்தனை, அப்பா அதிகாரியாக இருந்தால் இத்தனை என்று கூட்டிக்கொண்டே போனார். அவர் கணக்குப்படி நூற்றைம்பது பேரைப் பொறுக்கிக் கூப்பிட்டால் போதும், நூற்றிருபத்தோரு பேர் வந்து நிற்பார்கள். யீல்டு எண்பத்தொன்று.

"ஆனா இதுலயே ஸ்ட்ராங்கஸ்ட் வேரியபிள் என்ன தெரியுமா? பி.பி. நம்பர்! நாலு வருஷத்துல நூத்திப் பன்னண்டு பி.பி. கேண்டிடேட். சேர்ந்தது ஒம்போது பேர். எட்டு பர்சென்ட். அவாளைக் கூப்பிடறதே வேஸ்ட். மொத்தமா எடுத்துடலாம்."

அந்த ஒன்பது பேரும் போனுக்குக் காத்திருக்காமல் நேரில் வந்து ஜன்னலில் நின்று கேட்டவர்கள். மீதி நூற்று மூன்று பேர் நான் போனை வைத்துவிட்டவர்கள். அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். அவர் வேண்டாம் என்று அடித்த பெயர்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே முப்பத்தொன்றாவது ரேங்க் இருந்தது.

"சார், அந்த பி.பி. ஆளுங்க விஷயத்துல ஒண்ணு சொல்லணும்…" என்று ஆரம்பித்தேன்.

"இருங்கோ டோரீன், அதுக்கு முன்னாடி ஒரு நல்ல சமாசாரம்" என்றார் ஆராவமுதன் சார். "ஜூன் ஒண்ணாம் தேதி உங்க கன்ஃபர்மேஷன் ஆர்டர். இந்தத் தடவை நிஜம்மா. இந்த ரெஜிஸ்டரை இவ்ளோ ஒழுங்கா வச்சிருந்ததுக்கே தரணும்னு வெங்கடராமன் சொல்லிட்டார். என்னமோ சொல்ல வந்தேளே?"

ஒன்பது வருடம். எனக்கு ப்ராவிடன்ட் ஃபண்டு கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. மஞ்சள் காமாலை வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். இதையெல்லாம் இப்போது சொல்வது சமாதானத்துக்கு. உண்மை என்னவென்றால், சொல்ல வந்ததை முழுங்கிவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்காமல், "முப்பத்தொண்ணாவது ரேங்க் பொண்ணு நேர்ல வந்து பேசினா சார். கண்டிப்பா சேருவா. அவள மட்டும் கூப்பிடலாமே?" என்றேன்.

வெங்கடராமன் சார் புன்னகை செய்தார். கணக்குத் தெரியாதவர்களுக்கென்று அவர் தனியாக ஒரு புன்னகை வைத்திருந்தார். "வருவான்னு உங்களுக்குத் தோண்றது. தோண்றதை எல்லாம் மாடல்ல போட முடியாது, பாருங்கோ."

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் மர்பி டவுனுக்கு இருபது நிமிடம்தான். போகவில்லை. போய் என்ன சொல்வது? 'உனக்கு சீட் வந்திருக்க வேண்டும், வரவில்லை, காரணம் நான்' என்றா? ஜூன் ஒன்று வரட்டும், ஆர்டர் கையில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மே முப்பத்தொன்றுக்குப் பிறகு அவளுக்கு அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

பொறுக்கி எடுத்த நூற்றைம்பது பேரையும் கூப்பிட்டேன். எல்லோர் வீட்டிலும் போன் இருந்தது. எல்லோரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். நூற்றைம்பது பேரும் "ஷ்யூர் மேடம், டெஃபனிட்லி மேடம்" என்றார்கள். ரெஜிஸ்டரின் 'வருவார்' கட்டம் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஜூன் ஒன்றாம் தேதி எனக்கு ஆர்டரும் வந்தது. சார் சொன்னதைச் செய்த ஒரே தடவை அது.

ஜூன் பன்னிரண்டு, திங்கள்கிழமை, வகுப்புத் தொடக்கம். தோட்டத்தில் ஷாமியானா. வரும் மாணவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க நூற்றிருபது ரோஜாப்பூ. பத்து மணிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். "பெங்களூர் டிராஃபிக்" என்றார் சார். பதினோரு மணிக்கு ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு மணிக்கும் ஐம்பத்தெட்டு. அதில் ஒருவன் தன் நண்பனைக் கொண்டுவிட வந்தவன் என்று சந்தேகம் எழுந்தது. நல்லவேளை, அவனும் எங்கள் ஆள்தான்.

மத்தியானம்தான் விஷயம் வெளிவந்தது. இரண்டு வருடத்துக்குள் ஊரில் தெருவுக்கு ஒரு பிசினஸ் ஸ்கூல் முளைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வெங்கடராமன் இருந்திருக்கிறார். எல்லோரும் கான்வென்டில் படித்த, வீட்டில் போன் உள்ள, அப்பா அதிகாரியாக உள்ள அதே பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் மரியாதை தெரிந்தவர்களாதலால் எல்லோரிடமும் 'ஷ்யூர்' என்றிருக்கிறார்கள். மிச்சமிருந்த அறுபத்திரண்டு ரோஜாவை சார் வீட்டுப் பூஜைக்குக் கொண்டு போனார்.

மறுநாள் போனின் பூட்டு கழற்றப்பட்டது. அடித்த பெயர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னார் சார். மூன்று நிமிடச் சட்டம் காற்றில் போயிற்று.

"டோரீன், யாரை வேணா கூப்பிடுங்கோ, எவ்ளோ நேரம் வேணா பேசுங்கோ. அந்த முப்பத்தொண்ணாவது ரேங்க் பொண்ணு ஒருத்தி சொன்னேளே? இன்னுமா கூப்பிடலே? அவளை மொதல்ல பிடிங்கோ! புரோஷர்ல போட டாப் ரேங்க்ல நாலு பேராவது வேணும்."

பந்தல் கடைக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, எத்தன சேரு?" என்றது ஒரு குரல். ராஜமாணிக்கம்.

"சேர் வேண்டாங்க. சங்கமித்ராகிட்ட பேசணும். காலேஜ்லேருந்து."

"ஓ, நீங்கதானா? ஏம்மா, மே மாசம் பூரா அந்தப் பொண்ணு தினம் ஏழு மணிக்கு வந்து இங்க நின்னுச்சும்மா. ஒம்போது வரைக்கும் நிக்கும். காலிபீலி, சும்மா எதுக்கு நிக்குது, எவனாச்சும் பையன் போன் பண்றானான்னு நான்கூட தப்பா நெனச்சிட்டேன். இரு, கூப்பிடறேன்."

"வேண்டாங்க. நானே நேர்ல வரேன்" என்றேன்.

ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பந்தல் கடை வாசலில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அந்த இடத்தை நான் பார்க்காமலே போயிருக்கலாம். பார்த்துவிட்டேன்.

அடுத்த சந்தில் வீடு. சங்கமித்ராவின் அம்மா காந்தா கதவைத் திறந்து, நான் யார் என்று சொன்னதும் பதறிப் போய் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். சங்கமித்ரா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் போட்டோ போட்ட ஒரு கார்டு தொங்கியது. அசோகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வேலை நாளில் ஆறு மணிக்கு, பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தால், அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

"உனக்கு சீட் இருக்கும்மா. நாளைக்கே வந்து சேரலாம்" என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "வெயிட்டிங் லிஸ்ட்லேருந்தா மேடம்?"

"இல்ல. உன் ரேங்க் முப்பத்தொண்ணு."

"நூத்தி இருபதுலயா?"

"ஆமா."

காந்தா மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கமித்ரா பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"அப்ப ஏன் மேடம் கூப்பிடல? மார்க் பத்தலன்னு நெனச்சிட்டேன். அப்பாகிட்டயும் அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன். இவங்களுக்கு நான் ஃபெயில் ஆன மாதிரி."

கணக்கு மேல் போடலாம், வெங்கடராமன் மேல் போடலாம், கம்ப்யூட்டர் மேல் போடலாம். அந்த வீட்டில் எனக்கு அதற்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைச் சொன்னேன், மூன்று நிமிடத்தைச் சொன்னேன், இரண்டு கட்டத்தைச் சொன்னேன், நூற்று மூன்று பேரைச் சொன்னேன். ஆர்டரைப் பற்றியும் சொன்னேன். "பி.பி. நம்பர்காரங்க வர மாட்டாங்கன்னு நான்தாம்மா எழுதி வெச்சேன். அத அவங்க கணக்காக்கிட்டாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் யோசித்தாள்.

"நான் இப்ப கால் சென்டர்ல இருக்கேன் மேடம். அமெரிக்காக்காரங்களுக்குப் போன் போடறதுதான் வேலை. அங்க எங்களுக்கு ஒரு ரூல். ரிங் போயி ஆள் கெடைக்கலன்னா 'வேணாம்'னு போடக் கூடாது. 'ஆள் இல்ல'ன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கணும். மறுநாள் திரும்பக் கூப்பிடணும். மூணு தடவ கூப்பிடணும். அவனுக்கு நாங்க விக்கறது வெறும் க்ரெடிட் கார்டு மேடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

"இப்பவாவது வாம்மா. பேங்க் மேனேஜர்கிட்ட நான் வந்து பேசறேன்."

"ஃபேக்டரிய மே இருவதாம் தேதியே பூட்டிட்டாங்க மேடம். நான் ஒரு வருஷம் பாண்டு எழுதிக் குடுத்துட்டேன். சர்ட்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு."

சந்தின் முனையில் ஹாரன் அடித்தது. அவளை அழைத்துப் போக வந்த கம்பெனி வண்டி. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் ஒரு கணம் நின்றாள்.

"உங்க ரெஜிஸ்டர்ல 'வர மாட்டார்'னே எழுதிக்கங்க மேடம். இந்தத் தடவ அது உண்மை."

வண்டி போன பிறகு அசோகன், "முப்பத்தொண்ணா வந்தா?" என்று காந்தாவிடம் கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசில் கால் வைத்ததும் வெங்கடராமன் சார் ஆவலோடு கேட்டார், வருகிறாளா என்று. இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. திங்கள்கிழமையிலிருந்து வாடிக் கிடந்த முகம்.

"பாத்தேளா? நேர்ல போய்க் கூப்பிட்டாலும் பி.பி. வரலே! மாடல் தப்பில்லே. மத்த வேரியபிள்தான் கொஞ்சம் ட்யூன் பண்ணணும்."

அவரை நேராக டைரக்டர் அறைக்குள் அழைத்துப் போய், இரண்டு பேருக்கும் முன்னால் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னேன். அந்த எட்டு பர்சென்ட் பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது, இந்தப் பூட்டுடையது என்று போனைக் காட்டியே சொன்னேன். வெங்கடராமன் சார் தன் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆராவமுதன் சார் போனை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார்.

"உடம்பு சரியில்லையா டோரீன்? ரெண்டு நாள் லீவ் எடுத்துக்கோங்கோ. இப்போதான் உங்களுக்கு மெடிக்கல் லீவ் உண்டே."

இடங்கள் நிரம்பின. வீட்டில் போன் இருந்த அறுநூற்றுப் பதினோராவது ரேங்க் வரை இறங்கிப் போய், பத்து நாளில் நூற்றிருபதையும் நிரப்பிவிட்டோம். பிறகு பத்திரிகைக்கு எண் அனுப்பும் நாள் வந்தது. வராமல் போன தொண்ணூற்றிரண்டு பேரை என்ன செய்வது என்ற கேள்விக்கு சார் ஒரே இரவில் பதில் கண்டுபிடித்துவிட்டார். அவர்களுக்கு நாங்கள் இடம் கொடுக்கவே இல்லை. 'கலந்தாலோசனைக்கு' அழைத்தோம், அவ்வளவுதான். வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் இடம் கொடுத்தோம். ஆகவே இடம் கொடுத்தது நூற்றிருபது, சேர்ந்தது நூற்றிருபது. யீல்டு நூற்றுக்கு நூறு. நாட்டிலேயே வேறு யாருக்கும் அது இல்லை. பத்திரிகை அடுத்த பட்டியலில் எங்களை நாற்பத்தேழாவது இடத்தில் போட்டது.

புதிய புரோஷரின் நான்காம் பக்கத்தில், பெரிய எழுத்தில், 'விண்ணப்பித்தோர் 1,912. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 120. தகுதி பெறாதோர் 1,792' என்று இருந்தது. அந்தக் கடைசி எண்ணில் ஒன்று சங்கமித்ரா. அவள் எங்களை வேண்டாம் என்றாள்; புரோஷரில் நாங்கள் அவளை வேண்டாம் என்றிருந்தோம். அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் பார்க்கும் பொறுப்பு இனிமேல் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்று புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். அதனால் தாள் என்னிடம் வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. அடியில், 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.